இரண்டு மணிப் பாட்டு

பாட்டு வெட்ட ஆரம்பித்ததும் நான் முதலில் சந்தேகப்பட்டது மேனேஜர் வக்கார் அகமதுவை. இரண்டாவதாகக் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜெயசீலனை. மூன்றாவதாகக் கரண்ட்டை. எனக்கு அறுபத்தெட்டு வயது. ஆளை நம்பிக் கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் யாரையும் நம்புகிற வழக்கம் எனக்கு இல்லை. நம்பாமல் கெட்டது இந்த ஒரு தடவைதான்.

எங்கள் கம்பெனி ஆம்பூர் பைபாஸை ஒட்டி இருக்கிறது. ஷூவின் மேல்பாகம் தைக்கிற கம்பெனி. கீழே தோல் வெட்டுகிற இடம், மாடியில் தையல் ஹால். ஹாலில் அறுபத்திரண்டு மெஷின், அறுபத்திரண்டு பெண்கள். பாதிப் பேர் ஊருக்குள்ளிருந்து நடந்து வருகிறவர்கள். மீதிப் பேர் ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள். ஹாலின் மூலையில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. நூல், ஊசி, லைனிங் துணி எல்லாம் அங்கேதான் இருக்கும். அதற்கு நான் பொறுப்பு. அதே அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருக்கிறது. அதற்கும் நான்தான் பொறுப்பு.

அக்கவுண்ட்ஸில் புதிது வாங்கியபோது இதை எடைக்குப் போட இருந்தார்கள். பெரிய முதலாளி பார்த்துவிட்டு, "மதியானம் பொம்பளைங்க தூங்கி வழியுறாங்க, பாட்டு போடுறதுக்கு இது போதும், தனகோடிகிட்ட குடு" என்றார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்து எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். தோலுக்கு அடிக்கிற பெயின்ட்டில் கீபோர்டின் ஒரு பட்டனுக்குப் பச்சைப் பொட்டு, ஒரு பட்டனுக்குச் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டேன். பச்சை என்றால் பாடும், சிவப்பு என்றால் நிற்கும். அதற்கு மேல் அதனிடம் எனக்கு வேறு வேலை கிடையாது.

தினமும் மதியம் இரண்டு மணிக்குப் பச்சையை அழுத்துவேன். ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு இந்திப் பாட்டு, மாறி மாறி. இந்த வரிசை தப்பினால் லைன் சூப்பர்வைசர் ஹலீமா பீ நேராக என் அறைக்கு வந்து இடுப்பில் கை வைத்து நிற்பாள். மசூதியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம் வந்தால் சிவப்பு, பாங்கு முடிந்ததும் மறுபடி பச்சை. ஐந்தரைக்குச் சங்கு ஊதும்போது நிறுத்திவிடுவேன். ஹாலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஆகவே அந்த அறுபத்திரண்டு பேருக்கும் காலையிலிருந்து சாயங்காலம்வரை காதில் விழுகிற நல்ல சத்தம் என் பாட்டு ஒன்றுதான்.

இப்படி நாலு வருஷம் ஓடியது. இந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரம் கெட்டது.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒழுங்காகப் பாடும். அப்புறம் பாடுகிறவருக்கு விக்கல் எடுத்ததுபோல் ஆகும். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதையே நாலு தடவை இடிக்கும். அப்புறம் ஓடும். மறுபடி இடிக்கும். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். ஒடுகத்தூர்க்காரி சங்கீதா தன் மெஷினிலிருந்தே கத்தினாள்:

"தாத்தா, பாடுறவருக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்க, பாவம், விக்குது!"

இரண்டாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை. காரணம் இருக்கிறது. கால் பெடல் மேல் இருக்கும், காது பாட்டின் மேல் இருக்கும், கை தானாக ஓடும். பாட்டு ஓட்டத்தோடு தைக்கிறவளுக்குப் பாட்டு திடீரென்று இடித்தால் காலும் இடிக்கும். தையல் கோணிவிடும். துணியில் கோணினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் அது நடக்காது. ஊசி போட்ட ஓட்டை ஓட்டைதான். அந்தப் பீஸ் குப்பைக்குத்தான் போகும்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அப்படிக் கெட்டுப்போன பீஸ்களை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு என் அறைக்கு வந்தார். சின்ன வயசு, சென்னையில் படித்தவர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். சத்தம் போடாதவர்களை எனக்குக் கூடுதலாகப் பிடிக்காது.

"பெரியவரே, இது ஒரே நாள்ல போனது. எல்லாம் ரெண்டு மணிக்கு அப்பறம்."

"பொட்டி மக்கர் பண்ணுது சார். பாத்துக்கினு இருக்கேன்."

"ரெண்டு வாரமா பாக்கறீங்க. நான் ஒண்ணு சொல்றேன். சனிக்கிழமை ரெண்டு மணிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் நானே ஹால்ல நிக்கிறேன். ஒரு தடவை வெட்டினாகூட பொட்டி எடைக்குப் போயிடும். அதுக்கப்பறம் பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது."

ஹலீமா பீ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் உள்ளே வந்தாள். வழக்கம்போல் இடுப்பில் கை வைக்கவில்லை.

"அண்ணா, பாட்டு இல்லாத நாளு மூணு மணியே வர மாட்டேங்குது. ரெண்டே முக்கால்லயே நின்னுக்கினு கெடக்குது. எதுனா பண்ணுண்ணா."

"பண்றேன். நீ போய் லைனைப் பாரு."

நான் கணக்குப் போட்டேன். இந்த மேனேஜர் வந்தது புரட்டாசியில். பாட்டு கெட்டதும் புரட்டாசியில். அவருக்குப் பாட்டுப் பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும். நான் வீட்டுக்குப் போனபின் ஆள் வைத்து எதையாவது நோண்டுகிறார் என்று முடிவு கட்டினேன். அன்றைக்குப் போகும்போது கதவுத் தாழ்ப்பாளில் குறுக்கே ஒரு மெல்லிய நூலைக் கட்டிவிட்டுப் போனேன். யாராவது திறந்தால் அறுந்துவிடும். செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்தால் நூல் கட்டியது கட்டியபடியே இருந்தது. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

சரி, பாட்டில்தான் கோளாறோ என்று பாட்டு இருக்கிற பென்டிரைவை வேன் டிரைவரிடம் கொடுத்தேன். அவன் காலை இரண்டாவது டிரிப்பில் ஒடுகத்தூர் போய் வருகிறவரை போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு எடத்துலகூட நிக்கலை, ஜம்முனு இருந்துச்சு" என்றான். பாட்டு தப்பித்தது. ஸ்பீக்கர் ஒயரைச் சந்தேகப்பட்டேன். அதே ஸ்பீக்கரில் மைக்கில் பேசினால் கணீரென்று வருகிறது. ஒயரும் தப்பித்தது. கரண்ட் ஏறி இறங்குகிறதோ என்று ஜெனரேட்டர் ஓடும்போது போட்டுப் பார்த்தேன். அப்போதும் பன்னிரண்டாவது நிமிடம் விக்கல். கரண்ட்டும் தப்பித்தது.

மிச்சம் இருந்தது பெட்டி மட்டும். அன்று மதியமே சத்துவாச்சாரியிலிருந்து ஜெயசீலனை வரவழைத்தேன். நாற்பது வயது இருக்கும். அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் பார்க்கிறவன். பைக்கில் பள்ளிகொண்டா தாண்டி வெயிலில் வந்து சேர்ந்தான்.

அவன் உட்காருவதற்கு முன்னால் நான் பெட்டியின் உறையைக் கழற்றி மடித்துப் பத்திரமாக வைத்தேன். அந்த உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் வந்தால் முதலில் அதற்கு ஓர் உறை தைப்போம். ரேடியோவுக்கு உறை, தராசுக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை. தோல் ஊரில் பொருள் அம்மணமாக இருந்தால் வீட்டுக்காரனுக்குத்தான் கேவலம். ஆயுத பூஜை அன்றைக்கு மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஹலீமா பீயும் அவள் ஆட்களும் பொட்டு வைக்கமாட்டார்கள், ஆனால் அவரவர் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுப் பளபளவென்று நிறுத்துவார்கள். நாலு வருஷம் உழைத்த இந்தப் பெட்டிக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லையே என்று நான் இரண்டு நாள் உட்கார்ந்து உறை தைத்தேன். கறுப்பு நாப்பா, அதாவது மெத்தென்ற ஆட்டுத்தோல். கழிவில் போன துண்டுகள்தான், ஆனால் இணைத்த இடம் தெரியாது. இரட்டைத் தையல். உள்ளே ஷூவுக்குப் போடுகிற பஞ்சு லைனிங். பவர் பட்டனுக்கு ஒரு ஓட்டை, ஒயருக்கு ஒரு கீற்று, மற்றபடி கையுறைமாதிரிக் கச்சிதம். ஹாலில் இருந்த அத்தனை பேரும் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கண்டவன் கை எண்ணெய் பட்டால் நாப்பாவில் கறை போகாது. அதனால்தான் மெக்கானிக் வந்தால் கழற்றிவிடுவேன்.

ஜெயசீலன் என்னென்னவோ தட்டினான். வேண்டாதது நிறைய ஓடுகிறது என்று சிலதை அழித்தான். பாட்டைப் போட்டான். அரைமணி நேரம் ஓடியது. தேன் மாதிரி ஓடியது. ஒரு விக்கல் இல்லை.

"நல்லாதானே பாடுது பெரியவரே? உள்ளாற தூசி இருக்கும், கழட்டிப் பாக்கட்டுமா?"

"அதெல்லாம் கழட்ட வேணாம். பாடுது இல்ல, போதும்."

கழற்றினால் ஒன்றை எடுத்து ஒன்றை வைத்துவிடுவார்கள். இந்த ஜாதி மெக்கானிக்குகளைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அவனை அனுப்பிவிட்டு, பெட்டியைத் துடைத்து, உறையை மாட்டினேன். கால் மணிகூட ஆகவில்லை. விக்கல்.

புதன்கிழமை மறுபடி வரவழைத்தேன். மறுபடி உறையைக் கழற்றினேன். மறுபடி தேன். ஹாலிலிருந்து சங்கீதா விடவில்லை:

"தாத்தா, அந்தப் பொட்டிக்கு அவரு மேல ஒரு இது! அவரு வந்தா குஷியாயிடுது. அவரையே இங்க ஒக்கார வெச்சுடுங்க!"

ஹாலே சிரித்தது. ஜெயசீலனும் சிரித்தான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இவன் இருக்கும்போது பாடுகிறது, போனதும் கெடுகிறது என்றால் என்ன அர்த்தம்? போகும்போது எதையோ கழற்றிக்கொண்டு போகிறான் என்றுதானே அர்த்தம்? அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டியபோது நான் வாசலை மறித்தேன்.

"பையைக் கீழ வை."

"இன்னாது?"

"நீ வந்தா பாடுது, போனா கெட்டுப்போவுது. எதைக் கழட்டி உள்ள வெச்சிருக்கே? பையைத் தொற."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பையை மேஜைமேல் கவிழ்த்தான். ஸ்க்ரூ டிரைவர் மூன்று, ஒரு பெயின்ட் பிரஷ், ஒரு டார்ச், எலுமிச்சைச் சாதம் கட்டின டிபன் டப்பா. டப்பாவையும் திறந்து காட்டினான்.

"இருவது வருசமா தொழில் பண்றேன் பெரியவரே. என் பையை இதுவரைக்கும் ஒருத்தரும் பாத்ததில்லை."

அவ்வளவுதான் சொன்னான். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஹலீமா பீ தூரத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடு. நான் உறையை மாட்டினேன்.

வியாழக்கிழமை, இனி யாரும் வேண்டாம், நானே காவல் இருக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு பெட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணிக்குப் பச்சை. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது என் மூக்கில் ஒரு வாசனை ஏறியது.

எங்கள் கம்பெனியில் எங்கே நின்றாலும் தோல் வாசனைதான். வெளியாட்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், எங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் இது வேறே. இந்தக் கம்பெனிக்கு வருமுன் முப்பத்தொரு வருஷம் தோல் பதனிடுகிற ஷாப்பில் பிளேட் மெஷினில் நின்றவன் நான். பழுக்கக் காய்ந்த இரும்புத் தகட்டுக்கு அடியில் தோலை வைத்து அழுத்தி மினுக்கு ஏற்றுகிற வேலை. சூடு ஒரு பங்கு ஜாஸ்தியானால் தோல் கருகுவதற்கு முன்னாலேயே ஒரு வாசனை விடும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்த வாசனைதான் வந்தது.

யார் இங்கே அயர்ன் போடுவது என்று எழுந்து பார்த்தேன். மாடியில் அயர்ன் வேலையே கிடையாது. மூக்கை நீட்டிக்கொண்டு நூல் அலமாரிப் பக்கம் போனேன், வாசனை குறைந்தது. திரும்பி வந்தேன், ஏறியது. மேஜைக்குக் குனிந்தேன். உறைமேல் கை வைத்தேன். அப்போதுதான் வடித்த டீ கிளாஸைத் தொட்டமாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் பாட்டு விக்கியது.

உறையை உருவி எறிந்தேன். இன்னும் ஒன்றரைப் பாட்டுக்கு விக்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் மெல்லத் தெளிந்தது. மூன்றாவது பாட்டு நேராக ஓடியது. ஆனால் நான் யாரையும் நம்பாதவன், என்னையும் சேர்த்துத்தான். உறையை மறுபடி மாட்டினேன். பன்னிரண்டாவது நிமிடம் விக்கல். கழற்றினேன், தெளிந்தது. மாட்டினேன், விக்கியது. மூன்றாவது தடவை மாட்டும்போது கதவு படாரென்று திறந்தது. ஹலீமா பீ, இடுப்பில் இரண்டு கையும்.

"அண்ணா, இன்னா பண்றே உள்ளாற? பாட்டு வருது போவுது, வருது போவுது, பொம்பளைங்க என்னைக் கேக்கறாங்க!"

நான் அவள் கையை உறைமேல் வைக்கச் சொன்னேன். வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"யா அல்லா! கொதிக்குது!"

"உள்ள ஒரு காத்தாடி சுத்துது. அதுக்குக் காத்து போவ வழியில்லை. பொட்டிக்கு மூச்சு முட்டுது, அதான் பாட்டு முட்டுது."

அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"சித்திரை வெயில்ல கம்பளி போத்தி வெச்சு, ஏண்டா பாட மாட்டேங்கறேன்னு கேட்டுருக்கே! ஜெயசீலன் வந்தா நீதானேண்ணா சட்டையைக் கழட்டினே!"

"வெளியில சொல்லாதே."

"நான் சொல்ல மாட்டேன். அந்தாளுகிட்ட நீயே சொல்லணும்."

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து இரண்டரைக்குப் பாட்டு. உறை இல்லை. பெட்டி அம்மணமாக இருந்தது, எனக்குப் பார்க்கவே கூசியது, ஆனாலும் விட்டேன். மூன்று மணி. மூன்றேகால். ஒரு தடங்கல் இல்லை. ஹாலில் இரண்டு மூன்று பேர் கூடவே முணுமுணுத்துப் பாடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் டீ குடிக்கக் கிளாஸை எடுத்தேன். மூன்றரைக்கு விக்கியது.

கிளாஸைக் கீழே வைத்தேன். மறுநாள் மேனேஜர் நிற்கப்போகிறார். உறையும் இல்லை, இன்னும் என்ன? பெட்டிக்குப் பின்னால் காற்று வருகிற துளைகளில் உள்ளங்கையை வைத்தேன். ஓடுகிற காத்தாடிக்குக் காற்று வர வேண்டும். ஒரு பொட்டுக் காற்று இல்லை. தோல் உலர்த்துகிற அறையில் காத்தாடி சுற்றினால் மட்டும் போதாது, வெளியே போக ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் அவிந்துவிடும். இங்கே ஜன்னல் எங்கேயோ அடைத்திருக்கிறது.

உள்ளே தூசி இருக்கும் என்று ஒருவன் சொன்னான். கழற்றட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றவன் நான்.

சனிக்கிழமை காலை ஷிப்ட் ஆரம்பிக்குமுன் வந்துவிட்டேன். கேட்டில் போனைப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் ஜெயசீலனுக்கு அடித்தேன். நாலாவது ரிங்கில் எடுத்தான்.

"இன்னா பெரியவரே, பையில எதுனா பாக்க வுட்டுட்டீங்களா?"

அந்த அடியை நான் வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான்.

"தப்பு என் மேலப்பா. அந்தத் தோல் உறைதான் மூச்சடைச்சிருக்கு. நீ வரும்போதெல்லாம் நான் அதைக் கழட்டி வெச்சுட்டேன், அதான் உன்கிட்ட பாடுச்சு."

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு.

"அடப் போங்க பெரியவரே. மூணு ராத்திரி நான் தூங்கலை. என் தொழில்மேலயே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு."

"இன்னும் தீரலை. ஒரு மணி நேரம் கழிச்சு விக்குது. உள்ள தொறக்கணும். எப்படின்னு சொல்லு."

"நானே ரெண்டு மணிக்கு அங்கதான் வர்றேன். மேனேஜர் சார் சாக்கு எடுத்துக்கினு வரச் சொல்லிட்டாரு, பொட்டியை அள்ளிக்கினு போவ."

"ரெண்டு மணிக்கு வந்து பிரயோஜனம் இல்லை. இப்பவே சொல்லு."

சொன்னான். ஒயரைப் பிடுங்கிவிடணும். பின்னால் இரண்டு ஸ்க்ரூ. உள்ளே இருக்கிற காத்தாடியை விரலால் பிடித்துக்கொண்டுதான் காற்று அடிக்கணும், அதைச் சுற்றவிட்டால் போய்விடும். காற்றைத் தள்ளி நின்று அடிக்கணும். "பெரியவரே, அவசரப்படாதீங்க. சூடான தோலை எடுக்கறாப்பல எடுங்க" என்றான். அவனுக்குத் தோல் தெரியாது, எனக்காகச் சொன்னான்.

மாடிக்குப் போய்த் திறந்தேன். ஹலீமா பீ டார்ச் பிடித்தாள். உள்ளே குனிந்து பார்த்தேன். காத்தாடிக்கு அடியில் தகடு தகடாக ஓர் இரும்பு. அந்தத் தகடுகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் மெத்தைமாதிரி ஒன்று அடைத்துக்கொண்டு இருந்தது. விரலால் கிள்ளி வெளிச்சத்தில் பார்த்தேன். பஞ்சு. நான் உறைக்குள் வைத்துத் தைத்த லைனிங்கின் பஞ்சு. ஹாலில் பறக்கிற தோல் தூசியும் அதோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. ஷூவுக்குள்ளே கால் உறுத்தக் கூடாதென்று போடுகிற அதே பஞ்சு. காத்தாடி மூச்சுக்குத் திணறி என் லைனிங்கையே இழுத்து விழுங்கியிருக்கிறது.

"அண்ணா, இது நம்ம ஸ்டாக்குதானே?" என்றாள் ஹலீமா பீ.

"சும்மா டார்ச்சைப் பிடி."

பசை தடவுகிற புதுப் பிரஷ் ஒன்றை எடுத்து மெல்லப் பெருக்கினேன். கம்ப்ரஸர் காற்றுக் குழாயை ஜன்னலிலிருந்து இழுத்து வந்து, காத்தாடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, தள்ளி நின்று அடித்தேன். ஒரு சாம்பல் மேகம் எழும்பி எங்கள் இரண்டு பேர் மூஞ்சியிலும் படிந்தது. மூடி, ஸ்க்ரூ போட்டு, ஒயரைச் செருகினேன். பெட்டிக்குப் பின்னால் கையை வைத்தேன். காற்று வந்தது. ஜில்லென்று, உள்ளங்கை நிறைய.

இரண்டு மணி. மேனேஜர் ஹாலின் நடுவில் வந்து நின்றார், கையில் வாட்சைத் திருப்பிக்கொண்டு. படிக்கட்டுப் பக்கம் ஜெயசீலன், தோளில் மடித்த சாக்கு. அறுபத்திரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் தைக்கிறதுபோல் இருந்தார்கள், ஆனால் அத்தனை காதும் ஸ்பீக்கரில் இருந்தது. பச்சையை அழுத்தினேன்.

முதல் பாட்டு. இரண்டாவது பாட்டு. பன்னிரண்டாவது நிமிடம் வந்து போனது. மூன்று மணி. மூன்றரை, அதுதான் நேற்று கெட்ட நேரம். நான் பெட்டிக்குப் பின்னால் வைத்த கையை எடுக்கவே இல்லை. காற்று வந்துகொண்டே இருந்தது. மூன்றே முக்கால். நாலு. ஜெயசீலன் சாக்கைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

நாலரைக்குப் பாட்டு டக்கென்று நின்றது.

அறுபத்திரண்டு தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. சங்கீதா "ஐயோ" என்றது எனக்கு அறைக்குள்ளேயே கேட்டது. மேனேஜர் வாட்சைப் பார்த்தார், கையை உயர்த்தி ஜெயசீலனைக் கூப்பிடப் போனார். அப்போது மசூதியிலிருந்து அஸர் பாங்கு ஆரம்பித்தது.

நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, சிவப்புப் பொட்டுமேல் இருந்த என் விரலை உயர்த்திக் காட்டினேன். மேனேஜர் உயர்த்திய கையை அப்படியே இறக்கித் தலையைத் தடவிக்கொண்டார். தொழுகை தவறாத மனிதர், நின்ற பதற்றத்தில் பாங்கு நேரத்தை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. ஹலீமா பீ தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. பாங்கு முடிந்தது. பச்சை. விட்ட இடத்திலிருந்து பாட்டு எழுந்தது, ஒரு சொல்கூட இடறாமல்.

ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. வழக்கமாகச் சங்கு ஊதினால் ஹால் இரண்டு நிமிடத்தில் காலியாகிவிடும். அன்றைக்கு ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. மேனேஜர் என் அறை வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் ஹலீமா பீ, கையில் ஒரு பீஸ்கூட இல்லாத கழிவுத் தட்டு.

"ரெண்டு மணிக்கு அப்பறம் ஒண்ணுகூட போகலை சார்" என்று அந்தத் தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"பாத்தேன்" என்றார். என்னைப் பார்த்தார். "ஜெயிச்சுட்டீங்க பெரியவரே. பாட்டு இருக்கட்டும். ஆனா கோளாறு இன்னா, அதைச் சொல்லுங்க."

அவர் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜெயசீலன் பையைக் கவிழ்த்தது அறுபத்திரண்டு பேர் முன்னால். நான் மைக்கை எடுத்து ஆன் செய்தேன்.

"எல்லாரும் கேளுங்க. பாட்டு கெட்டதுக்குக் காரணம் நான் தெச்ச உறை. பொட்டிக்கு மூச்சுவிட வழியில்லாம தெச்சுட்டேன். அதுக்கு ஜெயசீலன் பையைச் சோதிச்சது என் தப்பு. எல்லார் முன்னாலயும் சோதிச்சேன், எல்லார் முன்னாலயும் சொல்றேன். மேனேஜர் சார்மேலயும் சந்தேகப்பட்டேன், அதுவும் தப்பு."

மேனேஜர் திரும்பினார். "என் மேலயா?"

"ஆமா சார். தாழ்ப்பாள்ல நூல் கட்டிட்டுப் போனேன்."

அந்தச் சத்தம்போடாத மனிதர் முதல் தடவையாகச் சத்தம்போட்டுச் சிரித்தார். அப்புறம் ஹால் முழுக்கக் கை தட்டல். தட்டுகிற சத்தத்தையும் மீறிக்கொண்டு சங்கீதாவின் குரல்:

"தாத்தா, மைக்குக்கும் ஒரு சட்டை தெச்சுடுங்க! நீங்க பேசறதாவது நிக்கும்!"

ஜெயசீலன் காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு என் அறைக்குள் வந்தான். பெட்டிக்குப் பின்னால் கையை வைத்துக் காற்றைப் பார்த்தான். தலையை ஆட்டினான். அப்புறம் அலமாரியில் மடித்து வைத்திருந்த உறையை எடுத்துத் தையலை விரலால் தடவினான்.

"வேலை சுத்தமா இருக்கு பெரியவரே. இதை இன்னா பண்ணப் போறீங்க?"

"உனக்கு வேணுமா?"

வேணும் என்றான். ஞாயிற்றுக்கிழமை அவன் பைக் சீட்டுக்கு அளவெடுத்து வெட்டித் தைத்துக் கொடுத்தேன். பஞ்சு லைனிங்கைப் பிய்த்து எறிந்துவிட்டேன். கறுப்பு நாப்பா, இரட்டைத் தையல், இணைத்த இடம் தெரியாது. அவன் இன்னும் அதில்தான் சத்துவாச்சாரியிலிருந்து வந்து போகிறான். பைக் நன்றாக ஓடுகிறது. பைக்குக்கு மூச்சு சீட்டு வழியாக இல்லை என்பதை அவனிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் தைத்தேன்.